அவர் ஓட்டும்போது மட்டும் வந்த சத்தம்

அன்றைக்கு கியர்பாக்ஸைக் கழற்றி இறக்கியபோது உள்ளே நிஜமாகவே ஒரு கோளாறு இல்லாமல் இருந்திருந்தால், நாங்கள் டாக்டரிடம் சீக்கிரமே போயிருப்போமா?

பாப்பாவுக்குத் தலை பின்னும்போது இந்தக் கேள்வி வரும். பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பேன். "அம்மா, வலிக்கு" என்பாள் அவள். முடியை இறுக்கிப் பிடித்திருப்பது அப்போதுதான் தெரியும். போயிருப்போம் என்று நினைத்தாலும் தாங்கவில்லை. எப்படியும் போயிருக்க மாட்டோம் என்று நினைத்தாலும் தாங்கவில்லை.

சங்கரன்கோவிலில் என் வீட்டுக்காரருக்குச் சின்னதாக ஒரு விசைத்தறி ஷெட் இருக்கிறது. வீட்டை ஒட்டியே ஷெட். காட்டன் சேலை ஓடுகிறது. பாப்பாவுக்கு இப்போது நான்கு வயது. அவள் பிறந்ததிலிருந்து பைக்கில் மூவராகப் போவது எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. லாரி ஒன்று பக்கத்தில் போனாலும் அவர் இடுப்பை இறுக்கிப் பிடிப்பேன். கார் வேண்டும் என்று கேட்டது நான்தான். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிற ஒருவரிடம் பழைய கார் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தோம். பின்சீட்டை எத்தனை தடவை துடைத்தாலும் எலுமிச்சை வாசனை போகவில்லை. பாப்பா அதற்கு 'ஜூஸ் கார்' என்று பெயர் வைத்தாள்.

வாங்கும்போதே இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடித்தது. "பழைய வண்டிதானே, கை பழகிட்டுன்னா சரியாயிரும்" என்றார் விற்றவர். பழகவில்லை. எங்கள் தெரு முட்டுத்தெரு. வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பின்னாலேயேதான் போக வேண்டும். தினமும் காலையில் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று ஒரு சத்தம் எழும். தறிச்சத்தத்தையும் மீறிக்கொண்டு அது தெருமுனை வரை கேட்கும்.

"என்ன மதினி, காலங்காத்தால காப்பிக்கொட்டை அரைக்கியளோ?" என்று எதிர்வீட்டுப் பெண் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று கேட்பாள். நான் சிரித்து வைப்பேன்.

அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, வண்டியின் ராசி மேல் சந்தேகம். கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கி வந்து, தண்ணீரில் குழைத்து, முன்பக்க பானட்டில் மூன்று விரலால் இழுத்துவிட்டார். "கண்ணு பட்ட வண்டி. இனிமே சத்தம் வராது பாரு." மறுநாள் சத்தம் வந்தது. "மண்ணு காஞ்ச பெறவு தடவுனா அப்படித்தான்" என்று மண்ணின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

என் வீட்டுக்காரரின் குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் பிறகு நடந்தது எதுவும் புரியாது. அவருடைய ஷெட்டில் துணியில் குறை விழுந்தால், தறி ஓட்டுகிற அக்காவை அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். தறியை நிறுத்துவார். குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா ஓடுகிற பாதையைக் கையால் தடவிப் பார்ப்பார். பெல்ட்டைப் பார்ப்பார், போல்ட்டுகளைப் பார்ப்பார், தறியின் கால் தரையில் சமமாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். "மெஷின முழுசா பாத்து முடிச்ச பெறவுதான் ஆளப் பாக்கணும்" என்பது அவர் வைத்திருக்கிற முறை. பெரும்பாலும் மெஷினிலேயே ஏதாவது கிடைத்துவிடும். ஆளைப் பார்க்கிற வேலையே வராது. வேறு ஷெட்டில் ஏச்சு வாங்கிய பெண்கள் இங்கே வந்து நிலைத்ததற்கு அதுதான் காரணம். எனக்கும் அவரிடம் மிகவும் பிடித்த குணம் அதுதான். இன்றும் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

காரையும் அவர் அப்படித்தான் பார்த்தார்.

ராஜபாளையம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவர் அவரோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவர். முதல் தடவை நானும் பாப்பாவும் கூடப் போயிருந்தோம். வண்டி உள்ளே நுழைவதற்குள்ளேயே மெக்கானிக் கையைத் தூக்கினார்.

"ஏலே, நிப்பாட்டு, நிப்பாட்டு. காரக் கேட்டா கரும்பு மெஷின வாங்கிட்டு வந்திருக்க?"

"வாய மூடிட்டு வண்டியப் பாருலே."

"உன் கல்யாணத்துக்கு வாசிச்ச நாயனத்த விட இது கொஞ்சம் பரவாயில்ல. இல்லியா தங்கச்சி?"

மெக்கானிக் சோதித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். புரியாததைக் கேட்டுக்கொண்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது. முதலில் என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் வரிசையாகப் போட்டார். ஒவ்வொன்றும் வெண்ணெயாக விழுந்தது. அப்படியென்றால் கியர் கம்பியிலும் அதன் கேபிளிலும் குறையில்லை என்றார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போட்டார். கரகர. "ரிவர்ஸ்தான் முதல்ல காட்டிக்குடுக்கும், தங்கச்சி. கிளட்ச மிதிச்சாலும் என்ஜின் சுத்துறது கியருக்குப் போறது முழுசா நிக்கல." அதற்கடுத்து கிளட்சை மெல்ல விட்டு என்ஜினைப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கியது. என்ஜினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருந்தது. அதை மாற்றினார். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. கிளட்சில் கால் வைத்தால் பாதத்துக்குக் கீழே ஒரு அதிர்வு இருந்தது. "சென்டர் அவுட்டா இருக்கும்" என்றார். "இறக்கித்தான் பாக்கணும்."

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். என்ஜினும் கியர்பாக்ஸும் இரண்டு தனித்தனி இரும்புக் கூடுகள். அவற்றை முகத்தோடு முகம் பொருத்தி போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். நடுவில் கிளட்ச். இரண்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதற்காக விளிம்பில் இரண்டு இடத்தில் மோதிரம் போன்ற சின்னக் குழாய்த் துண்டுகள் வைத்திருப்பார்கள். போல்ட் இறுக்கி மட்டும்தான் வைக்கும், நேராக உட்கார வைப்பது அந்தக் குழாய்கள்தான்.

கியர்பாக்ஸ் இறங்கியபோது அங்கே ஒன்றுதான் இருந்தது.

"பாரு, முன்னால கழத்துன பய ஒண்ணத் தொலைச்சிருக்கான். தேடப் பொறுமை இல்லாம போல்ட்ட வச்சு இழுத்துப் பிடிச்சிருக்கான்." கிளட்ச் தட்டின் நடுப்பல் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை என்னால் மறக்க முடியவில்லை. தேய்ந்த தட்டை ஒரு பழைய துணியில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அத்தையிடம் காட்டினார். எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினார். ஷெட்டில் தறி ஓட்டுகிற அக்காமாரிடம்கூடக் காட்டினார். "பாத்தியாட்டி? வண்டியிலதான் கோளாறுன்னு நான் சொன்னேம்லா." நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். நினைத்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சந்தோஷப்பட்ட கடைசி நாட்களில் அதுவும் ஒன்று. ஒரு தேய்ந்த இரும்புத் தட்டைப் பார்த்து நாங்கள் அவ்வளவு சந்தோஷப்பட்டோம்.

புதுத் தட்டு, புதுக் குழாய்த் துண்டு எல்லாம் போட்டு வண்டி வந்தது. அதிர்வு போய்விட்டது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. அந்தக் கோடை முழுவதும் நாங்கள் சுற்றினோம். பாப்பா பின்சீட்டில் நின்றுகொண்டு வருகிற மாடுகளுக்கெல்லாம் டாட்டா காட்டினாள்.

அதே கோடையில்தான் அவருடைய இடது செருப்பு அடிக்கடி கழன்று விழ ஆரம்பித்தது. நடந்துகொண்டே இருப்பார். பின்னால் வருகிற நான் செருப்பை எடுத்துக்கொண்டு வருவேன். கழன்றதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஷெட் வாசற்படியில் இரண்டொரு தடவை தடுக்கினார். நாளெல்லாம் சிமெண்டுத் தரையில் நிற்கிற கால் என்று அவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னால் வார் வைத்த செருப்பாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நல்ல மனைவி செய்கிற காரியம் என்று மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது.

ஆடித்தபசுக்குக் கொடியேறிய சமயத்தில் சத்தம் திரும்ப வந்தது. தெருவில் கூட்டம், விருந்தாட்கள். எல்லார் முன்னாலும் கரகரவென்று அரைத்துக்கொண்டு வண்டி பின்னால் போனது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

நேரே மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். சத்தமில்லை. ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். சத்தமில்லை.

"ஒண்ணும் இல்லியே வே."

"உன்னயக் கண்டா மட்டும் வாத்தியாரக் கண்ட பிள்ளை மாதிரி வாயப் பொத்திக்கிடுது" என்றார் இவர். "இப்ப நான் போடுதேன் பாரு." போட்டார். கரகர.

மெக்கானிக் பானட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு, "கேபிள் கொஞ்சம் லூஸா இருக்கும்" என்றார். கிளட்ச் கேபிளில் ஒரு நட் இருக்கிறது. அதைத் திருகினால், மிதியைக் குறைவாக மிதித்தாலே கிளட்ச் விட்டுவிடும். திருகினார். சத்தம் நின்றது. சில வாரம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி திருகினார். இப்படியே மழைக்காலம் வரை போனது. ஒவ்வொரு தடவையும் இவர் ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வருவார். "நான் கேட்டா இருக்கும். அவன் கேட்டா இருக்காது. தறிக்காரன் காதுக்குத் தப்புமா?"

எனக்கும் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. ஆனால் அவர் வண்டியில் இருக்கும்போது நான் ஓட்டுவது என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை. அவர் தடுத்தார் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் புருஷன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மனைவி ஓட்டிக்கொண்டு போனால், "அண்ணாச்சிக்கு என்ன, மேலுக்குச் சரியில்லையா?" என்றுதான் கேட்பார்கள். அதனால் அந்த வண்டியின் மிதியில் எங்கள் வீட்டிலிருந்து அவருடைய கால் மட்டும்தான் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு நாள் முற்பகலில் பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அவர் நூல் எடுக்க பஸ்ஸில் ராஜபாளையம் போயிருந்தார். பின்சீட்டில் அத்தையின் மடியில் பாப்பாவைப் போட்டுவிட்டு நான் ஓட்டிக்கொண்டு போனேன். பயத்தில் கிளட்சைத் தரையோடு மிதித்தேன். ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுந்தது. இரண்டாவது கியரும் அப்படியே. டாக்டர் வீட்டு வாசலில் முன்னும் பின்னுமாக எடுத்து நிறுத்தினேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வண்டி சரியாகிவிட்டது என்று தோன்றியது. அவர் வந்ததும் சொல்ல வேண்டும், சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டே மருந்து வாங்கினேன்.

சாயங்காலம் நான் பக்கத்து சீட்டில் இருக்க, அவர் வண்டியை எடுத்தார். கரகர.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். அதுவரை சத்தம் வரும்போது எல்லோரும் கியர் கம்பியைத்தான் பார்த்திருக்கிறோம். அவருடைய இடது கால் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. முழங்கால் நடுங்கியது. தொடையில் கையை வைத்து அழுத்தினார். அது அவருக்கே தெரியாமல் செய்கிற பழக்கம் போல இருந்தது. மிதி பாதி தூரம் போய் அங்கேயே நின்றுவிட்டது. கீழே நாலு விரல் இடைவெளி இருந்தது.

"என்னட்டி தேடுத?"

"பாப்பா தோடு விழுந்த மாதிரி இருந்திச்சு" என்றேன்.

மறுநாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மாத்திரை வாங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவன் எங்க?"

"ஷெட்ல இருக்காங்க அண்ணாச்சி. நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

"ரிவர்ஸ் போட்டியா?"

"போட்டேன். சத்தம் வரல."

அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அழுக்குத் துணியால் கையைத் துடைத்தார், துடைத்த கையை மறுபடியும் துடைத்தார்.

"கேபிள் கடைசி மரை வரைக்கும் வந்துட்டு, தங்கச்சி. இதுக்கு மேல திருகுனா கிளட்ச் பிடிக்காமலே வழுக்கும். தட்டு கருகிப்போவும். இனிமே வண்டியில நான் செய்யதுக்கு ஒண்ணுமில்ல."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"தெரியும்னு சொல்ல முடியாது. முதத் தடவ அவன் சோம்பேறித்தனமா மிதிக்கான்னு நெனச்சேன். ஏசக்கூட செஞ்சேன் மனசுக்குள்ள. ரெண்டாந்தடவ..."

"நீங்க சொல்லக்கூடாதா அண்ணாச்சி? நீங்க சொன்னா கேப்பாங்க."

"நானா? நான் சொன்னா அவன் என்னத்த நெனப்பான்? வேல தெரியாத பய ஆள் மேல பழி போடுதான்னு நெனப்பான். நீ சொல்லு தாயி. பொண்டாட்டி சொன்னா அது வேற."

"என்னால முடியாது."

"என்னாலயும் முடியாது."

நான் அழுதேன். பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, அவர் பக்கம் திரும்பி, "என்ன வே, காத்து ஓசின்னா டயர் வெடிக்கிற வரைக்கும் அடிப்பீரா?" என்று சத்தம் போட்டார்.

கடைசியில் நான் காலைப் பற்றி மட்டும் பேசினேன். காரைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. செருப்பு கழல்கிறது, படியில் தடுக்குகிறீர்கள், ஒரு தடவை திருநெல்வேலியில் காட்டிவிட்டு வந்துவிடுவோம் என்றேன். எதிர்பார்த்ததைவிட எளிதாக ஒத்துக்கொண்டார்.

அவர்தான் ஓட்டினார். அத்தைக்கு முழங்கால் வலி இருந்ததால் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். பனவடலிசத்திரம் தாண்டும்போது ஒரு ஆட்டு மந்தை ரோட்டில் ஏறியது. பிரேக்கை அழுத்தினார். இடது கால் மிதிக்கு எழும்பவில்லை. வண்டி இரண்டு துள்ளு துள்ளி ரோட்டு நடுவில் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஒட்டிக்கொண்டு நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "ஏ அண்ணாச்சி, லைசென்ஸ திருவிழாக் கடையிலயா வாங்குனீரு?"

"குதிரை!" என்று பாப்பா கை தட்டினாள். "அப்பா, இன்னொரு தடவ!"

அவரும் சிரித்தார். "இந்த வண்டி லைன்லயே நிக்கல பாத்தியா?" என்றார் என்னிடம். நெற்றியில் வேர்த்திருந்தது. நான் பாப்பாவை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன். என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் தோளில் வைக்கலாமா என்று நினைத்தேன். வைக்கவில்லை.

டாக்டர் அவரைக் குதிகாலால் நடக்கச் சொன்னார். வலது பாதம் தூக்கிக்கொண்டது. இடது பாதம் தரையைத் தட்டியது. தன் உள்ளங்கையை அவருடைய பாதத்துக்கு எதிராக வைத்து, "தள்ளுங்க" என்றார். "தள்ளுதேன்" என்றார் இவர். டாக்டரின் கை அசையவே இல்லை. "தள்ளிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்" என்று இன்னொரு முறையும் சொன்னார்.

ஊசி வைத்துப் பார்க்கிற சோதனைகள், படம் எடுப்பது எல்லாம் முடிய அடுத்தடுத்துப் போக வேண்டியிருந்தது. நரம்பு நோய். சதைக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகின்றன. மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. இடது காலோடு நிற்காது என்பதையும் டாக்டர் சொன்னார். என் வீட்டுக்காரர் பாப்பாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போன நேரத்தில் நான் டாக்டரிடம் கேட்டேன். "கோடையிலேயே வந்திருந்தால்?"

"மாத்திரையை முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம்மா" என்றார். மேலும் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். இவர் திரும்பி வந்ததும் டாக்டர் எங்கள் இருவரிடமும் பொதுவாக, "வண்டி ஓட்டுறதக் குறைச்சுக்கோங்க" என்றார். குறைச்சுக்கோங்க. நிறுத்துங்க என்று சொல்லியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். டாக்டரும் மனிதர்தானே. அவருக்கும் சொல்ல வரவில்லை போல.

திரும்பும்போது, "நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். ஆச்சரியமாக, சாவியைக் கொடுத்துவிட்டார். முதல் தடவையாக அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எந்த கியரிலும் சத்தம் வரவில்லை. வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு தடவையாவது, எனக்கும் ஒரு தடவை கரகரவென்று கேட்கட்டும் என்று கிளட்சைப் பாதி மிதியோடு நிறுத்தப் பார்த்தேன். பிறகு முழுக்க மிதித்துவிட்டேன். குழந்தை இருக்கிறாளே.

சங்கரன்கோவில் வீடுகள் தெரிய ஆரம்பித்ததும், "இங்கன ஓரமா நிப்பாட்டு" என்றார். ஏதோ வாங்க என்று நினைத்தேன். அவர் இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார்.

"தள்ளு. ஊருக்குள்ள நான் ஓட்டுதேன்."

நான் இறங்கிவிட்டேன். இறங்காமல் இருந்திருக்கலாம். அந்த இடத்தில் நின்று என்ன பேசுவது? ஊருக்குள் எவ்வளவு நெரிசல். கிளட்ச் அதிகம் வேலை செய்ய வேண்டிய இடமே ஊர்தான். வெட்டவெளி ரோட்டில் ஒரே கியரில் போகலாம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்படி முடியாது. அதை அவரும் அறிவார், நானும் அறிவேன். மெயின் ரோட்டில் அரைத்துக்கொண்டு வண்டி போனது. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கையைத் தூக்கினார். இவரும் கையைத் தூக்கினார்.

அன்றிலிருந்து இதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. வெளியூர் போனால் ஊர் எல்லை தாண்டியதும் நான் ஓட்டுகிறேன். திரும்பும்போது எல்லையில் நிறுத்தி இடம் மாறிக்கொள்கிறோம். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. நோயைப் பற்றிப் பேசுகிறார். மாத்திரை நேரத்தை நான் மறந்தால்கூட அவர் மறப்பதில்லை. அத்தை தினமும் புற்றுமண்ணைக் காலில் தடவும்போது பேசாமல் நீட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் காலும் காரும் அவருக்கு வேறு வேறு. "கால் கதை வேறட்டி. இந்த வண்டிக்கு அடிப்படையே கோணல். ஒரு தடவ கழத்துன கியர்பாக்ஸ் பெறவு சரியா உக்காராது." காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விடுகிறார். நான் வாசலில் நின்று சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்குப் பிறகு அவர் திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை அடுப்பில் எதையும் வைப்பதில்லை. ஒரு நாள் நான் விட்டுவிட்டு வருகிறேன் என்றேன். "அது ஒண்ணுதான் நான் அவளுக்குச் செய்யது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன்.

முந்தாநாள் புதிதாக ஒன்று சொன்னார். இந்த வண்டியைத் தள்ளிவிட்டு வேறு வண்டி எடுக்கலாம் என்று. புளியங்குடியில் ஒருவர் தன் காரை விற்கிறாராம். பழையதுதான், கியர் வண்டிதான், ஆனால் கியர்பாக்ஸ் இதுவரை கழற்றாததாம். "வார ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். நான் தலையாட்டினேன். சற்றுப் பொறுத்து, மாத்திரைப் பட்டையைக் கையில் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"நீ ஓட்டிப் பாரு. ரிவர்ஸ நீ போட்டுப் பாரு. நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கிடுதேன்."

இத்தனை நாளில் எந்த வண்டியையும் அவர் இன்னொருவரை ஓட்டவிட்டு வாங்கியவரில்லை. தறியைக்கூட அப்படி வாங்கியதில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, அதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த வழி இதுதான் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அன்றைக்குக் கால் ரொம்ப அசதியாக இருந்திருக்கும், வேறு ஒன்றும் இல்லை என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. தெரிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டு பேச ஆரம்பித்து, அவருக்குத் தெரியாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? தெரிந்திருந்து, நான் பேசாமலே இருந்து, அதற்குள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஏதாவது ஆகிவிட்டால்?

கிளட்சே இல்லாத வண்டிகள் இருக்கின்றன, கையால் இயக்குகிற கிளட்ச் வைத்து மாற்றித் தருகிறார்கள் என்றெல்லாம் போனில் தேடிப் பார்த்துவிட்டேன். அதில் எது நல்லது என்பதை யாரிடமாவது விசாரித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இதைப் படிக்கிறவர்களில், புருஷனிடமோ அப்பாவிடமோ இனி நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சொல்ல வேண்டி வந்தவர்கள் இருப்பீர்கள். என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள்? குழந்தையைக் காரணம் காட்டினீர்களா, அல்லது நேராகவே சொன்னீர்களா? சொன்ன பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை புளியங்குடிக்குப் போவதற்கு முன்னால் நான் சொல்லிவிடலாமா, இல்லை அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் வரை பொறுப்பதுதான் சரியா? உங்களுக்கு எது நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள். தவறாக முடிந்திருந்தாலும் எழுதுங்கள்.